சம்பளமும் வேண்டும், சட்டமும் வேண்டும்!

குழந்தை சோறு உண்ண மறுக்கிறது.

தாய் வாசலைக் காட்டுகிறாள். "அதோ, போலீஸ்காரர் வருகிறார்! சாப்பிடாத பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்!" என்கிறாள்.

குழந்தை பயந்து வாயைத் திறக்கிறது. ஒரு கவளம் உள்ளே போகிறது. அந்தக் கவளத்தோடு ஒரு பயமும் உள்ளே போகிறது.

சோறு செரித்துவிடும். பயம் செரிப்பதில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவன் ஆகிறான். வீட்டில் திருட்டுப் போனால்கூடப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிறான். "எங்கள் குடும்பம் ஸ்டேஷன் வாசலை மிதித்ததே இல்லை" என்று சொல்வதைப் பெருமையாக நினைக்கிறான்.

அதே ஊரில் இன்னொரு வீடு. போலீஸ்காரர் ஒருவரின் வீடு. அங்கும் ஒரு குழந்தை சாப்பிட மறுக்கிறது. "அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன்" என்று அடம் பிடிக்கிறது.

அப்பா வரமாட்டார். ஊரில் தேர்த் திருவிழா. காலையில் போனவர் காவலுக்கு நிற்கிறார். நாம் எல்லாம் தேர் பார்த்து, பொரிகடலை வாங்கி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டோம். அவர் இன்னும் தெருமுனையில் நிற்கிறார். அவருடைய பிள்ளை தேர் பார்த்ததா என்று நாம் கேட்டதில்லை.

ஒரு குழந்தை போலீஸ்காரரைக் கண்டு அழுகிறது. ஒரு குழந்தை போலீஸ்காரரைக் காணாமல் அழுகிறது.

இந்த இரண்டு குழந்தைகளின் கண்ணீரையும் துடைக்க வேண்டியது நாட்டின் கடமை. ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றொன்றை மறப்பது நியாயம் ஆகாது.

இரண்டு கட்சிகள்

போலீசைப் பற்றிப் பேச்சு எழுந்தால் திண்ணையில் இரண்டு கட்சி உண்டாகிவிடும்.

"பாவம், அவர்களுக்கு ஓய்வு இல்லை, உறக்கம் இல்லை, போதிய சம்பளம் இல்லை. கோபத்தில் நாலு தட்டுத் தட்டினால் அதைப் பெரிதுபடுத்தலாமா?" என்பது ஒரு கட்சி.

"அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், கை நீட்டுகிறார்கள். இவர்களுக்குச் சம்பள உயர்வு ஒரு கேடா?" என்பது மற்றொரு கட்சி.

இரண்டு கட்சியும் தவறு என்பது நம் கருத்து. சம்பளம் என்பது உழைப்புக்குக் கிடைக்கும் உரிமை. சட்டம் என்பது எல்லோருக்கும் பொதுவான கட்டு. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க இது சந்தை வியாபாரம் அல்ல.

இதை விளங்கிக்கொள்ள, நம் நாட்டுப் போலீஸ் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிட்டி போட்ட காலம்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை ராஜதானியில் வரி வசூல் செய்தவரும் தாசில்தார்தான். போலீசுக்குத் தலைவரும் தாசில்தார்தான். வரி கேட்கும் கையிலேயே தடியும் இருந்தது. என்ன நடக்கும்?

வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரித்தார்கள். அதற்குப் பெயர் கிட்டி. குனிய வைத்துக் கட்டி உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இந்தக் கொடுமை லண்டன் பார்லிமெண்டு வரை போயிற்று. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ம் ஆண்டில் அந்தக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. "சித்திரவதை நடப்பது உண்மைதான்" என்று அது ஒப்புக்கொண்டது.

அதன் பிறகுதான் வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரித்தார்கள். 1859-ம் ஆண்டில் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. ஆக, நம் ஊர்ப் போலீஸ் படை எதற்காக அமைக்கப்பட்டது தெரியுமா? மக்களை அடிப்பதற்காக அல்ல. அடிப்பதை நிறுத்துவதற்காக!

ஆனால் அடி நின்றதா? நிற்கவில்லை. 1902-ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் மற்றொரு போலீஸ் கமிஷன் அமைத்தார்கள். போலீசில் லஞ்சமும் அடக்குமுறையும் மலிந்து கிடப்பதாக அந்தக் கமிஷனும் சொல்லிற்று. கூடவே இன்னொன்றையும் சொல்லிற்று: கான்ஸ்டபிளின் சம்பளம் வயிறு வளர்க்கப் போதாது, மாதம் 8 ரூபாயாவது கொடுக்க வேண்டும்!

மாதம் எட்டு ரூபாய் கொடுப்பதற்கே ஒரு கமிஷன் சொல்ல வேண்டியிருந்தது. பட்டினி வயிற்றோடு ஒருவனை நிறுத்தி, அவன் கையில் ஒரு தடியையும் கொடுத்து, "நேர்மையாக இரு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இன்று சம்பளம் எப்படி?

இன்று நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வந்த அறிவிப்பில், தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் பஞ்சப்படி உண்டு. மற்ற படிகளும் உண்டு. போலீஸ்காரர்களுக்கு வீடு கட்டித் தருவதற்கென்றே 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு கழகம் அமைக்கப்பட்டது.

அப்படியானால் குறை எங்கே? நேரத்தில் இருக்கிறது குறை.

2019-ல் இந்தியாவின் 21 மாநிலங்களில், ஏறத்தாழ 12,000 போலீசாரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரியாக ஒரு போலீஸ்காரர் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார் என்று அது கண்டது. இரண்டு பேரில் ஒருவருக்கு வார விடுமுறை என்பதே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை. பதினான்கு மணி நேரம் உழைத்தால் ஆறு மணி நேரம் அதிகம். மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 156 மணி நேரம். அதாவது, மாதத்துக்கு இன்னும் பத்தொன்பதரை நாள் வேலை! ஒரு மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மாத வேலை.

மில் தொழிலாளிக்கு மிகைநேரக் கூலி உண்டு. கேட்டுப் பெறச் சங்கம் உண்டு. போலீஸ்காரருக்கோ சங்கம் வைக்கும் உரிமையையே 1966-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி விட்டது. ஆயுதம் ஏந்திய படை வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால், கேட்க வாயில்லாதவருக்குக் கேளாமலே கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு அல்லவா?

2021-ல் தமிழ்நாடு அரசு, காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. காலண்டரிலும் இருக்க வேண்டும். திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று ஏதாவது ஒன்று வந்தால் முதலில் பலியாவது இந்த ஓய்வு நாள்தான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. நாட்டைக் காக்கச் சேர்ந்த காவலர், மேலதிகாரி வீட்டில் துணி துவைப்பதும் கடைக்குப் போவதும்! "ஆர்டர்லி" என்று அதற்கு ஒரு பெயர். 1979-லேயே தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக ஆணை இருந்தும், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

மேலே இருப்பவர் தன்னை அவமதித்தால், அந்த அவமானத்தைக் கீழே இருப்பவர் மேல் இறக்கி வைப்பது மனித சுபாவம். போலீஸ்காரருக்குக் கீழே இருப்பவர் யார்? ஸ்டேஷனுக்குள் வந்து கைகட்டி நிற்கும் ஏழைதான்.

கையில் என்ன கொடுத்தோம்?

2008 நவம்பர் 26-ம் தேதி இரவு. மும்பை நகரில் பயங்கரவாதிகள் புகுந்து கண்டவர்களை எல்லாம் சுட்டுக் கொண்டிருந்தார்கள்.

கிர்காம் சௌபாத்தியில் போலீசார் வழி மறித்து நின்றார்கள். இரண்டு பயங்கரவாதிகள் வந்த கார் அங்கே தடைபட்டு நின்றது. துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர் முன்னே பாய்ந்தார். எதிரியின் கையில் இயந்திரத் துப்பாக்கி. இவரிடம் இருந்ததோ லத்தி!

அவர் பின்வாங்கவில்லை. துப்பாக்கிக் குழாயை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. பிடியை அவர் விடவில்லை. அவர் உயிர் போயிற்று; ஆனால் கசாப் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளேக்கு அசோக சக்கர விருது வழங்கி நாடு வணங்கிற்று.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று: வீரனை லத்தியோடு மட்டும் அனுப்பிய வெட்கம் நம்முடையது. விருது கொடுப்பது நல்லது. விருது தேவைப்படாதபடி ஒரு குண்டு துளைக்காத சட்டையைக் கொடுத்திருந்தால் அதைவிட நல்லது.

இரண்டு: அத்தனை பேரைக் கொன்றவனையும் போலீசார் அடித்துக் கொன்றுவிடவில்லை. கோர்ட்டில் நிறுத்தினார்கள். வக்கீல் வைத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு நடந்தது. 2012-ல் சட்டப்படி தூக்குத் தண்டனை நிறைவேறிற்று. கசாப்புக்கே கோர்ட்டு உண்டு என்றால், கடையைச் சிறிது நேரம் தாழ்த்தி மூடியவனுக்குக் கோர்ட்டு கிடையாதா?

கருவி என்றதும் துப்பாக்கியை மட்டும் நினைக்கக் கூடாது. 1990-ம் ஆண்டில் கியூபா நாட்டின் ஹவானா நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் மாநாடு ஒன்று கூடிற்று. போலீசார் பலத்தைப் பயன்படுத்துவது பற்றி அது விதிகள் வகுத்தது. போலீசாருக்குக் கேடயம், தலைக்கவசம், குண்டு துளைக்காத சட்டை கொடுங்கள். அப்போது ஆயுதம் எடுக்கும் தேவையே குறையும் என்பது அந்த விதிகளில் ஒன்று.

எவ்வளவு எளிய உண்மை! தலைக்கவசம் இல்லாத போலீஸ்காரரின் தலையில் ஒரு கல் விழுந்தால் என்ன ஆகும்? அவருக்கு ரத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரருக்குப் பயம் வரும். பயந்த விரல் துப்பாக்கி விசையைத் தேடும். தலைக்கவசம் இருந்தால் கல் கல்லாகவே போய்விடும், பிணமாகாது.

போலீஸ்காரரின் தலைமேல் இருக்கும் கவசம், எதிரே நிற்கும் கூட்டத்தின் உயிரையும் காக்கிறது.

எவ்வளவு பலம்?

போலீஸ்காரர் பலத்தைப் பயன்படுத்தவே கூடாதா? கூடும். கத்தியோடு பாய்கிறவனைக் கும்பிட்டு நிறுத்த முடியாது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பலமோ தொடக்கத்திலிருந்தே நஞ்சு. அதை மருந்துபோல் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

அந்த அளவு என்ன? 2024 ஜூலை 1-ம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதற்கு முன் இருந்த பழைய சட்டமும் ஒன்றையே சொல்கின்றன.

கைது செய்யும்போது ஆள் எதிர்த்தால், கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரை, கைது செய்வதற்காகக் கொல்லும் உரிமை எந்தப் போலீசாருக்கும் இல்லை.

பிடிபட்ட ஆள் தப்பி ஓடாதிருக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கயிறுகூட அதிகம் கூடாது.

சட்ட விரோதமாகக் கூட்டம் கூடினால், முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். சொல்லியும் கலையாவிட்டால்தான் பலம்.

இதற்கு என்ன பொருள்? எதிர்ப்பு நின்ற கணத்தில் பலமும் நிற்க வேண்டும். ஓடுகிற கூட்டத்தின் முதுகில் அடிப்பது பாதுகாப்பு அல்ல. ஸ்டேஷனுக்குள் கட்டிவைத்து அடிப்பது கைது அல்ல. இரண்டும் குற்றம்.

2018 மே 22-ம் தேதி தூத்துக்குடியில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போனார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்தது. அதன் அறிக்கை 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. போலீசார் அளவு மீறினார்கள் என்று அந்த அறிக்கை சொல்லிற்று.

சாத்தான்குளத்தின் சாட்சி

2020 ஜூன் 19-ம் தேதி. கொரோனா ஊரடங்குக் காலம். அதே தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம். செல்போன் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் மகனும், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

பிறகு கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ம் தேதி மகன் இறந்தார். 23-ம் தேதி தந்தை இறந்தார்.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பிற்று. ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொல்லிற்று. ஒன்பது போலீசார் மீது சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டிக் கோர்ட்டில் நிறுத்தியது.

அந்த ஸ்டேஷனில் ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். இரவு முழுவதும் அடி நடந்தது என்று அவர் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். சுற்றிலும் நின்றவர்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். வேலை போகலாம், பகை வரலாம். ஆனாலும் சொன்னார்.

அவருக்கும் அதே சம்பளம்தான். அவருக்கும் அதே நீண்ட வேலை நேரம்தான். அவருக்கும் களைப்பு உண்டு, குடும்பம் உண்டு. அவர் லத்தியைத் தூக்கவில்லை. உண்மையைத் தூக்கி நிறுத்தினார்.

"சம்பளம் போதாது, அதனால் அடித்தார்கள்" என்று சொல்பவர்களுக்கு இவரே பதில். களைப்பு ஒருவரைச் சிடுசிடுக்க வைக்கும். கொலை செய்ய வைக்காது. அதற்கு, "நம்மை யாரும் கேட்கமாட்டார்கள்" என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் சம்பளக் குறைவால் வருவதில்லை. தண்டனைக் குறைவால் வருகிறது.

சாத்தான்குளம் கடைசி ஆகும் என்று நம்பினோம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோவில் காவலாளியான இளைஞர் ஒருவர் போலீஸ் காவலில் இறந்தார். போலீசார் கைது செய்யப்பட்டார்கள்; வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. காணாமல் போனது நகை. திரும்பி வராமல் போனது ஓர் உயிர்.

அடித்தால் உண்மை வருமா?

"அடிக்காவிட்டால் திருடன் உண்மை சொல்வானா?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அடித்தால் உண்மை வராது, பதில்தான் வரும். வலி நிற்க வேண்டும் என்பதற்காக, செய்யாததையும் செய்ததாகச் சொல்வான். அப்போது உண்மைத் திருடன் எங்கே இருப்பான்? அடுத்த வீட்டுப் பூட்டை உடைத்துக் கொண்டிருப்பான்!

இது சட்டத்துக்கு எப்போதோ தெரியும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். இன்றைய புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதைப் பற்றிய பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளப்படும்; அவ்வளவுதான். ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை.

நாம் முன்னே சொன்ன 2019 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. குற்றவாளிகளிடம் வன்முறை காட்டுவது சரியே என்று நான்கில் மூன்று போலீசார் கருதினார்கள். இந்த எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியது யார்? நாமும்தான்!

2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, இளம் பெண் ஒருவரைக் கெடுத்துக் கொன்றதாகக் கைது செய்யப்பட்ட நான்கு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் போலீசார் மேல் பூமாரி பொழிந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நினைத்தால் யாருடைய ரத்தமும் கொதிக்கும். நமக்கும் கொதித்தது.

ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அமைத்த கமிஷன் விசாரித்து, 2022-ல் என்ன சொல்லிற்று? தப்பி ஓடப் பார்த்தார்கள் என்ற கதை நம்பத்தக்கதல்ல. கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்றது. மாண்ட நால்வரில் மூவர் சிறுவர்கள் என்றும் சொல்லிற்று. அவர்கள்தான் குற்றவாளிகளா? அதைச் சொல்ல வேண்டிய கோர்ட்டு இனிச் சொல்லவே முடியாது.

சினிமாவில் போலீஸ் கதாநாயகன் லாக்கப்பில் வில்லனை உதைக்கும்போது கொட்டகையில் நாம் கை தட்டுகிறோம். அந்தக் கைதட்டல் ஸ்டேஷன் வரை கேட்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

அரசுக்கு நாம் சொல்வது இதுதான்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கணக்கெழுதிக் கூலி கொடுங்கள். வார ஓய்வை எவரும் பறிக்க முடியாத உரிமை ஆக்குங்கள். காலி இடங்களை நிரப்புங்கள். வீட்டு வேலைக்குக் காவலரை அனுப்பாதீர்கள்.

கேடயமும் கவசமும் முதலில் கொடுங்கள், துப்பாக்கி பிறகு. விரல் ரேகை, ரத்தத் தடயம், செல்போன் தடயம் இவற்றைத் தேடும் பயிற்சியைச் சாதாரணக் காவலருக்கும் கொடுங்கள். தடயம் தேடத் தெரிந்தவருக்குத் தடி தேவைப்படாது.

2020-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஸ்டேஷன்தோறும் கண்காணிப்புக் காமிரா வைத்து, பதிவைப் பதினெட்டு மாதம் பாதுகாக்கச் சொன்னது. காமிரா வேலை செய்யவில்லை என்றால், அந்த ஸ்டேஷன் அதிகாரியைப் பதில் சொல்ல வையுங்கள். நேர்மையான போலீஸ்காரருக்கும் அந்தக் காமிராவே சாட்சி. பொய்ப் புகாரிலிருந்து அவரைக் காப்பாற்றும்.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்க, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு வேண்டும் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2013-ல் வந்த சட்டமோ உள்துறைச் செயலாளரையே தலைவர் ஆக்கிற்று. வீட்டுக்காரரே நடுவராக உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வருமா? கோர்ட்டு சொன்னபடி நீதிபதியை உட்கார வையுங்கள்.

வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பொது மக்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியதும் உண்டு. வீட்டில் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

கைது செய்ய வரும் போலீஸ்காரர் பெயர் தெரியும்படி வில்லை அணிந்திருக்க வேண்டும்.

கைது செய்தால் தேதி, நேரம் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தவரோ அக்கம் பக்கத்தாரோ ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

எங்கே கொண்டு போகிறார்கள் என்பதை உறவினருக்குச் சொல்ல வேண்டும்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

பெண்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும், அறுபது வயதைக் கடந்த முதியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பாகச் சொன்னவை. மற்றவை அரசியல் சட்டத்திலும் நடைமுறைச் சட்டத்திலும் உள்ளவை. எவரும் தயவு பண்ணிக் கொடுத்தவை அல்ல.

உரிமை உண்டு என்பதற்காகக் கடமை இல்லை என்று எண்ண வேண்டாம். போலீஸ்காரர் மேல் கல் எறிவதும் குற்றமே. போக்குவரத்துக் காவலரிடம் அபராதத்துக்குப் பதிலாக நூறு ரூபாயைக் கையில் திணிப்பதும் குற்றமே. அப்படித் திணித்த கைக்கு, லஞ்சத்தைக் கண்டித்துப் பேச உரிமை இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இனிமேல் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது போலீஸ்காரரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்.

"வழி தவறிப் போனால் போலீஸ்காரரிடம் போ. அவர் உன்னை வீட்டில் கொண்டுவந்து விடுவார்" என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொல்லும்போது உங்கள் மனத்தில் ஒரு சிறு சந்தேகம் எழலாம். அந்தச் சந்தேகம் எழாமல் செய்வதுதான் அரசின் வேலை. போலீஸ் படையின் வேலை. லத்தி பிடித்த கைக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். ஓய்வு கொடுங்கள். கேடயம் கொடுங்கள். அத்தனையும் கொடுத்த பிறகல்ல, இன்றைக்கே, அந்தக் கை சட்டத்தை மீறினால் சாதாரண மனிதனின் கைக்குப் போடும் விலங்கையே அதற்கும் போடுங்கள்.

அன்றைக்கு ஒரு வீட்டுக் குழந்தை பயமில்லாமல் உண்ணும். இன்னொரு வீட்டுக் குழந்தை அப்பாவோடு உட்கார்ந்து உண்ணும்.